புலிமியா: எருதின் பசி

புலிமியா என்ற சொல்லில் புலி இல்லை, மாடுதான் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘பூஸ்’ என்றால் எருது, ‘லிமோஸ்’ என்றால் பசி. தாங்க முடியாத பெரும்பசியைப் பண்டைக் கிரேக்கர்கள் இப்படி அழைத்தார்கள்.

தமிழ் இன்னும் பெரிய விலங்கைத் தேடிப் போயிருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்ற பெண்ணை வாட்டும் நோயின் பெயர் யானைத்தீ. முனிவர் வைத்திருந்த நாவற்கனியை மிதித்ததற்காக 12 ஆண்டுப் பசி! அமுதசுரபி என்ற பாத்திரத்திலிருந்து மணிமேகலை இட்ட சோறுதான் அதைத் தணிக்கிறது.

இன்றைய மருத்துவப் பொருள் 1979-இல் வந்தது. லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல், 30 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையில் ‘புலிமியா நெர்வோசா’ என்று எழுதினார். கட்டுக்கடங்காமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுவது. எடை கூடிவிடுமோ என்று பயந்து யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை விழுங்குவது. பெயர் பசியைச் சொன்னாலும், நோயை வளர்ப்பது பயமும் வெட்கமும். இந்த நோய் உள்ளவர்களைத் ‘தீனிப் பண்டாரம்’ என்று கேலி செய்வது கொடுமை.

மீள முடியும். ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த சிகிச்சையில் ஒரு குறிப்பேடு உண்டு. எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிட்டார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று நோயாளி அதில் உடனுக்குடன் எழுத வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. அந்தப் பட்டினிதான் அடுத்த அள்ளலுக்கு வழிவிடுகிறது.