டபிள்யூடிஎஸ்-4

டபிள்யூடிஎஸ்-4 என்பது இந்திய இரயில்வேயின் டீசல் எஞ்சின் வகைகளுள் ஒன்றாகும். தொடருந்து நிலையங்களிலும் பணிமனைகளிலும் பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங் பணிக்காக இது உருவாக்கப்பட்டது. மேற்கு வங்காளத்திலுள்ள சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலை 1960களின் இறுதியில் இதன் தயாரிப்பைத் தொடங்கியது. பெயரிலுள்ள டபிள்யூ என்பது அகலப்பாதையையும் (1,676 மி.மீ.), டி என்பது டீசலையும், எஸ் என்பது ஷண்டிங்கையும் குறிக்கும்.

வடிவமைப்பு

டபிள்யூடிஎம்-2 போன்ற டீசல் எஞ்சின்களில் ஒவ்வோர் அச்சையும் தனி மின்னோடி சுழற்றுகிறது. டபிள்யூடிஎஸ்-4 வகையில் மின்னோடிகள் இல்லை. டீசல் பொறியின் விசை, திரவ விசைமாற்றி வழியாக ஒரு சுழல்தண்டை அடைகிறது. அங்கிருந்து வெளிப்புறத் தண்டுகள் அதனை மூன்று இணைச் சக்கரங்களுக்கும் கடத்துகின்றன.

ஆர்வலர்களின் பார்வை

நீராவி எஞ்சினை நினைவூட்டும் இத்தண்டுகள் டீசல் எஞ்சினில் அசைவது தொடருந்து ஆர்வலர்களுக்கு விந்தையாகத் தோன்றியது. அகலப்பாதையில் வழக்கமான நீராவிச் சேவை 1995இல் முடிவுற்றபின், அவ்வசைவை விரும்பியோர் இதனை ஆர்வத்துடன் படமெடுத்தனர். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972 வரை நீராவி எஞ்சின்களையும் தயாரித்து வந்தது. எனினும் இத்தோற்றம் வெறும் பழைமையின் எச்சம் அன்று. தண்டுகளால் பிணைக்கப்பட்ட சக்கரங்களுள் ஒன்று மட்டும் தனித்து வழுக்க இயலாது. எனவே, குறைந்த வேகத்தில் கனமான பெட்டிகளை நகர்த்த இவ்வமைப்பு ஏற்றதாகும்.