மூசாரும் பிரம்பும்

‘சிட்சை என்றால் அடிதான், எபிரேய மூலத்திலும் அதுதான்’ என்று ஒரு பிரசங்கியார் அடித்துச் சொல்லக் கேட்டேன். மூலமொழி அறிந்தவர் என்று பெயர் வாங்கியவர். அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

அவர் சுட்டிய சொல் மூசார். பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 50 இடங்களில் வருகிறது. அவற்றுள் 30 நீதிமொழிகள் புத்தகத்தில். நம் பழைய திருப்புதல் 1:8இல் அதைப் ‘புத்தி’ என்கிறது, 3:11இல் ‘சிட்சை’, 22:15இல் ‘தண்டனை’. மூன்றும் ஒரே சொல் என்று தமிழில் மட்டும் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. இம்மூன்றில் பிரம்போடு வருவது 22:15. பிரசங்கியார் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

சிட்சையும் பிறப்பால் அடியன்று. வடமொழி சிக்ஷா, ‘இயலுதல்’ என்னும் பொருளுடைய சக் வேரின் வேட்கை வடிவம்: இயல வேண்டும் என்று விரும்புதல், அதாவது கற்றல். வேதாங்கம் ஆறனுள் ஒன்றான சிக்ஷை உச்சரிப்புப் பாடம். இந்தியில் இன்றும் அது கல்வி, மலையாளத்தில் தண்டனை. சிஷ்யனையும் இதே வேரில் கட்டுவோர் உண்டு. பிழை. அது சாஸ் வேர். சாஸ்திரமும் சாசனமும் அதன் உடன்பிறப்புகள்.

அப்படியானால் சிட்சையில் சாட்டை எங்கிருந்து வந்தது? 3:12இல் எபிரேயம் சொல்வது தந்தை தனக்குப் பிரியமான மகனைத் திருத்துவதைப் பற்றி. ‘தந்தையைப்போல’ என்பதற்கு அங்கே நிற்கும் மெய்கள் காஃப், அலெஃப், பேத். உயிரை மாற்றிப் படித்தால் அதுவே ‘நோவு’. பண்டைச் சுவடியில் உயிர்க்குறி கிடையாது. கிரேக்கத்தில் பெயர்த்த செப்துவாஜிந்தார் நோவு என்றே படித்து, சாட்டையடி என்று எழுதிவிட்டனர். எபிரெயர் நிருபம் 12:6 அதைத்தான் எடுத்தாள்கிறது. தகப்பன் போய்ச் சாட்டை வந்த கதை இது. இத்தனைக்கும் மூசாருக்கு அவர்கள் இட்ட சொல் பைதேயா, பிள்ளை வளர்ப்பு.

மூசார் ‘கயிறு’ என்பார்க்கும் ஒரு வார்த்தை. கயிறு மோசேர், கட்டுதலைக் குறிக்கும் அசர் வேரினது. யோபு 12:18இல் இரண்டும் மயங்கிக் கிடக்கின்றன. அந்த ஓரிடத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லா இடங்களையும் கட்டிப்போட முடியாது.

மூசாரோடு இணைபிரியாமல் வருவது தோகஹத். தமிழில் ‘கடிந்துகொள்ளுதல்’. நல்ல தேர்வு, குற்றங்கடிதல் என்று அதிகாரமே கண்ட மொழிக்கு இது கைவந்த சொல். ஆயினும் ஒன்று விடுபட்டது. இதன் வேரே ஏசாயா 1:18இல் ‘வழக்காடுவோம் வாருங்கள்’ என்னும் அழைப்பிலும் இருக்கிறது. வழக்காட இருவர் வேண்டும். கடிந்துகொள்ளப்படுபவனுக்கும் அங்கே வாயுண்டு. கடிந்துகொள்ளுதலை வெறுப்பவனை நீதிமொழிகள் 12:1 பாஅர் என்கிறது. கால்நடைக்குரிய பெஈரின் உறவு அது. நம் திருப்புதல் மிருககுணம் என்றது சரியே.

மூசாரோடு நிற்கும் இன்னொன்று தாழ்மை. அதற்கு எபிரேயம் அனாவா. வளைதல், ஒடுங்குதல் என்னும் அனா வேர். ஏழையைக் குறிக்கும் ஆனீயும் அதன் கிளையே. 15:33 மூசாரையும் அனாவாவையும் ஒரே வசனத்தில் நிறுத்துகிறது. அடிபட்டு ஒடுங்கியவனுக்கு ஆனீ இருக்கிறது. அனாவாவில் தானே வளைந்தவனைக் காண்கிறேன்.

23:23 மூசாரை விலைக்கு வாங்கச் சொல்கிறது. அடியைக் காசு கொடுத்து வாங்குவார் உண்டோ? 24:30 முதல் படியுங்கள். ஒருவன் சோம்பேறியின் வயலோரம் நடக்கிறான். முள் மண்டியிருக்கிறது, கற்சுவர் இடிந்திருக்கிறது. பார்த்தான், 32ஆம் வசனத்தில் மூசார் பெற்றான். பிரம்பு இல்லை, தகப்பன் இல்லை, பிரசங்கியாரும் இல்லை. மூசாரின் முதற்பொருள் இந்த வயலோரத்தில்தான் நிற்கிறது என்பது என் துணிபு.