ஹென்றி ஜான்சனின் காகிதங்கள்: பதக்கமும் பணிப்பதிவேடும்



தலித் இலக்கிய மேடையொன்றின் நினைவுச் சொற்பொழிவில் அமெரிக்க ராணுவத்தின் பழைய கோப்புகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அவர் அங்கிருந்து கேட்டது அனுதாபத்தை அல்ல, ஒரு காகிதத்தை. மனு எப்படி எழுதப்பட்டது, எந்தச் சான்றுகளை அடுக்கியது என்று பார்க்க விரும்பினார். அந்த வழியில்தான் நானும் இன்று ஒருவரின் காகிதங்களை உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

அவர் பெயர் ஹென்றி ஜான்சன். வட கரோலினாவில் பிறந்தவர். இளம் வயதிலேயே நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு வந்து, ரயில் நிலையத்தில் சுமைதூக்கும் போர்ட்டராக வேலை பார்த்தார். 1917 ஜூனில் கறுப்பினத்தவருக்கென்றே வைக்கப்பட்டிருந்த நியூயார்க் 15ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். அதுதான் பிறகு 369ஆம் ரெஜிமெண்ட் ஆயிற்று. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் சுமார் 3,80,000 கறுப்பினத்தவர் பணிபுரிந்தார்கள். கடல் கடந்து அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கி கிடைக்கவில்லை. கப்பலில் சரக்கு இறக்குவது, சாலை போடுவது, பிணம் புதைப்பது என்று வேலை கொடுத்தார்கள். எந்த வேலை யாருக்கு என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும் ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

369ஆம் ரெஜிமெண்டுக்குப் போர்முனை கிடைத்ததற்குக் காரணமும் பெருந்தன்மை அல்ல. வெள்ளையர் படைப்பிரிவுகள் இவர்களோடு தோள் சேர்ந்து நிற்க விரும்பவில்லை. பிரெஞ்சுக்காரர்களோ ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் இந்த ரெஜிமெண்டையும் வேறு மூன்று கறுப்பின ரெஜிமெண்டுகளையும் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார். பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சு அதிகாரிகளின் கட்டளை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பதக்கக் கதையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

1918 மே 15, விடியலுக்கு முந்தைய இருள். ஆர்கோன் காட்டின் ஓரத்தில் ஜான்சனும் நீடம் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு வீரரும் காவல் நின்றார்கள். குறைந்தது பன்னிரண்டு பேர் கொண்ட ஜெர்மன் குழு தாக்கியது. ராபர்ட்ஸ் காயப்பட்டு விழுந்தார். ஜான்சன் கையெறிகுண்டுகளை வீசினார், பிறகு சுட்டார். துப்பாக்கி நின்றுபோனதும் அதையே தடியாக்கி அடித்தார். ராபர்ட்ஸைப் பிடித்து இழுத்துச் செல்லப் பார்த்தவர்கள் மேல் கத்தியோடு பாய்ந்தார். ஜெர்மானியர் பின்வாங்கினார்கள். ஜான்சன் உடலில் 21 காயங்கள். இருவருக்கும் பிரெஞ்சு அரசு குருவா த கெர் எனும் வீரப்பதக்கத்தை அளித்தது. அந்தப் போரில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர்கள் வரிசையில் இவர்கள் வருகிறார்கள்.

அமெரிக்க அரசு என்ன செய்தது? பெயரைப் பயன்படுத்திக்கொண்டது. 1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் நடந்த அணிவகுப்பில் ஜான்சன் திறந்த காரில் நின்றபடி வந்தார். போர்நிதி முத்திரை விற்கும் விளம்பரத்தில் அவர் பெயர் வந்தது, ஆள்சேர்ப்புக்கும் உதவியது. ஆனால் அமெரிக்கப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. அவருடைய பணிவிடுப்புச் சான்றில் அந்த 21 காயங்களைப் பற்றிய பதிவே இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சுவரொட்டியில் இருக்கும் வீரம் பதிவேட்டில் இல்லாமல் போனது. சுவரொட்டி ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும். ஓய்வூதியத்தையும் சிகிச்சையையும் தருவது பதிவேடு.

செயிண்ட் லூயிஸ் நகரில் 1919இல் ஒரு கூட்டத்தில், வெள்ளை வீரர்கள் கறுப்பின வீரர்களை எப்படி நடத்தினார்கள் என்று ஜான்சன் வெளிப்படையாகப் பேசினார். அதோடு சொற்பொழிவு மேடைகள் மூடிக்கொண்டன. உடைந்த உடம்போடு பழைய வேலையைச் செய்ய முடியவில்லை. 1927இல் காசநோயின் பேரில் அவரை முழு ஊனமுற்றவர் என்று படைவீரர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. 1929 ஜூலை 1 அன்று இறந்தார். நோய்க்கு ஒரு கோப்பு திறக்கப்பட்டது, வீரத்துக்குத் திறக்கப்படவில்லை.

இதை மறதி என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1918 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைமையகத்தோடு தொடர்பிலிருந்த பிரெஞ்சு ராணுவக் குழுவின் கர்னல் லினார் ஒரு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பினார். கறுப்பின வீரர்களை, குறிப்பாக வெள்ளை அமெரிக்கர்கள் முன்னிலையில், மிகையாகப் புகழ வேண்டாம், அவர்களோடு நெருங்கிப் பழக வேண்டாம் என்பது அதன் சாரம். 1919 மே மாதம் டுபாய்ஸ் தம் 'தி கிரைசிஸ்' இதழில் அதை அப்படியே வெளியிட்டுவிட்டார். புகழாதே என்று கட்டளை போனால் பரிந்துரை எழுதப்படாது. பரிந்துரை எழுதப்படாவிட்டால் ஐம்பது வருடம் கழித்து ஓர் எழுத்தர் கோப்பைப் புரட்டி, ஆவணம் ஏதும் இல்லை என்று நேர்மையாகவே பதில் எழுதலாம். அந்த எழுத்தர் இனவெறியராக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

பதக்கம் வழங்கும் முறையைக் கொஞ்சம் பார்ப்போம். மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும். கண்ணால் பார்த்தவர் சாட்சியம் தர வேண்டும். அது படிப்படியாக மேலே போக வேண்டும். எல்லாம் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் நடக்க வேண்டும். ஜான்சனின் மேலதிகார வரிசை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது, பதக்கம் தரும் வரிசை அமெரிக்கர்களிடம் இருந்தது. காலக்கெடு முடிந்த பின் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி விலக்களித்தால்தான் வழி. சாதாரணப் பதிவுப் பிழைகளுக்கும்கூட 1946 வரை அமெரிக்கக் காங்கிரஸில் தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் ராணுவப் பதிவுத் திருத்த வாரியங்கள் வந்தன. இன்று படிவம் 149இல் விண்ணப்பிக்கலாம். பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுக்குள் என்பது விதி, நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தவும் இடமுண்டு. வாரியம் ஏற்றால் பணிவிடுப்புச் சான்றான 214ஆம் படிவத்தோடு 215ஆம் படிவம் என்ற திருத்தத்தாள் சேர்க்கப்படும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரியம் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள்: அரசு எழுதியது சரி என்ற அனுமானத்தில் அது தொடங்குகிறது. தவறு என்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பித்தவர் தலையில் விழுகிறது. எழுதும் அதிகாரம் ஒரு பக்கம், நிரூபிக்கும் சுமை மறுபக்கம். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள், மேலே விளக்கவில்லை.

இதற்கு மேல் தீ வேறு. 1973 ஜூலை 12 அன்று செயிண்ட் லூயிஸ் நகரின் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 தொடக்கத்துக்கும் இடையில் பணிவிடுப்புப் பெற்ற தரைப்படையினரின் ஆவணங்களில் சுமார் 80 விழுக்காடு போய்விட்டது. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. தீ எல்லாருடைய கோப்பையும்தான் எரித்தது. ஆனால் யாருடைய கதை வேறு பத்து இடத்தில் எழுதப்பட்டிருந்ததோ அவர்களுக்கு இழப்பு குறைவு. ஒரே ஒரு தாளில் மட்டும் இருந்தவர்களுக்கு எல்லாம் போயிற்று.

வேவர்லி உட்சன் அப்படி ஒருவர். 1944 ஜூன் 6, நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. கறுப்பினத்தவரைக் கொண்ட 320ஆம் பலூன் பட்டாலியனில் மருத்துவ உதவியாளராக வந்தவர். கரையேறும்போதே குண்டுச்சிதறல் பட்டது. அந்த உடம்போடு 30 மணிநேரம், ஏறக்குறைய 200 பேருக்குச் சிகிச்சை செய்தார். வெண்கல நட்சத்திரம் கிடைத்தது, அதற்கு மேல் இல்லை. அவருக்கு மிக உயர்ந்த பதக்கமே தரலாம் என்று அதிகார வட்டத்தில் பேசப்பட்டதைக் காட்டும் ஒரு குறிப்பு, பத்திரிகையாளர் லிண்டா ஹெர்வியூ தேடியபோது ட்ரூமன் நூலகத்தில் அகப்பட்டது. ராணுவக் கோப்பு எரிந்துவிட்டது, குடியரசுத் தலைவரின் காகிதங்களில் ஒரு தாள் பிழைத்திருந்தது. 2005இல் உட்சன் இறந்தார். அவர் மனைவி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 2024இல், எண்பது ஆண்டு கழித்து, இரண்டாம் நிலை வீரப்பதக்கமான சிறப்புப் பணிச் சிலுவை அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஆனர் 400க்கும் மேற்பட்டவர்களுக்குத் தரப்பட்டது. பணிபுரிந்த கறுப்பினத்தவர் பத்து லட்சத்துக்கும் மேல், அவர்களில் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. 1993இல் ராணுவமே ஷா பல்கலைக்கழகத்திடம் காரணத்தை ஆராயச் சொன்னது. 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்கு அளிக்கப்பட்டது. உயிரோடு இருந்து வாங்கியவர் வெர்னான் பேக்கர் ஒருவரே. மற்ற அறுவரில் ரூபன் ரிவர்ஸுக்காகப் பல பத்தாண்டுகள் போராடியவர் அவருடைய வெள்ளை அதிகாரி டேவிட் வில்லியம்ஸ். தான் வாய்மொழியாகச் சொன்ன பரிந்துரை எங்கே போனது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜான்சனுக்கு வருவோம். ஆல்பனியின் முன்னாள் படைவீரர்கள் அவர் பெயரை விடவில்லை. 1996இல் காயம்பட்டோருக்கான பர்ப்பிள் ஹார்ட், 2002இல் சிறப்புப் பணிச் சிலுவை. அதற்கிடையில் இன்னொன்றும் தெரியவந்தது. அவர் ஏதோ ஏழைகளின் இடுகாட்டில் பெயரில்லாமல் கிடக்கிறார் என்றே குடும்பத்தார் நம்பியிருந்தார்கள். நியூயார்க் மாநில ராணுவ வரலாற்றாய்வாளர்கள் தேடியபோது, தேசிய இடுகாடான ஆர்லிங்டனில் முறையான மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. பதிவில் இருந்த பெயர் வில்லியம் ஹென்றி ஜான்சன். ஒரு முன்பெயர் கூடியதில் ஒரு கல்லறையே எழுபது வருடம் மறைந்துவிட்டது. செனட்டர் ஷூமரின் அலுவலகத்தார் தேடி எடுத்த பெர்ஷிங்கின் 1918 மே மாத அறிக்கை, முன்பு இல்லை எனப்பட்ட சமகாலச் சான்றாக அமைந்தது. 1,300 பக்கங்களோடு விண்ணப்பம் போனது. காங்கிரஸ் காலக்கெடுவை விலக்கியது. 2015 ஜூன் 2 அன்று ஒபாமா மெடல் ஆஃப் ஆனரை வழங்கினார்.

வாங்கிக்கொள்ள ஆள் யார்? அவருடைய மகனாகவே வாழ்ந்து, பதக்கத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் ஒருவர் இருந்தார். டஸ்கீகி விமானப்படையினரில் ஒருவர், அதற்குள் காலமாகிவிட்டார். அவர் மகளும் அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்தார். ராணுவம் வம்சாவளியைச் சரிபார்த்தபோது பிறப்புப் பதிவில் வேறு தந்தையின் பெயர் இருந்தது. ரத்த உறவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நியூயார்க் தேசியக் காவற்படையின் மூத்த சார்ஜண்ட் ஒருவர் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். காகிதத்தை வைத்து வென்ற வழக்கில் காகிதமே அந்தக் குடும்பத்தை வெளியே நிறுத்தியது. எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போவது எளிதாக இல்லை.

இனி நம் பக்கம். கோரேகான் தூணில் 1818 ஜனவரி 1 போரில் இறந்தவர்களின் பெயர்கள் உண்டு. 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. 1890களில் போர்க்குடி, போர்க்குணமற்ற குடி என்ற கோட்பாட்டைக் காட்டி மகர்களைப் படையில் எடுப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே இந்தியாவுக்கான அமைச்சருக்கு மனு அனுப்பினார். முன்னோரின் படைப்பணியே அவர்கள் காட்டிய சான்று. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் படை எழுப்பினார்கள், 1921இல் கலைத்தார்கள். மீண்டும் 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட். சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் தூணின் முன் போய் நின்றதை வெறும் அஞ்சலி என்று நான் வாசிக்கவில்லை. எரிக்க முடியாத ஒரு பணிப்பதிவேட்டைத் தம் மக்களுக்கு வாசித்துக் காட்டினார்.

நம் ஊர்ப் பக்கமும் மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர் பெருமளவில் இருந்தார்கள். பெரும்பாலும் சாலை, பாலம், அகழி வேலை. பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் டிஸ்சார்ஜ் புத்தகமும் ரிப்பன் உதிர்ந்த பதக்கமும் இன்னும் கிடக்கும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வு என்றதும் நூலகத்துக்கு ஓடும் முன் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். படையெண், அலகின் பெயர், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எழுத்துகள், இவற்றை ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பெயரின் எழுத்து மாறியிருந்தால் மாறியபடியே எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டுதான் நாளை கோப்பைத் தேட முடியும்.

கடைசியாக ஒரு செய்தி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஃபோர்ட் போல்க் என்று ஒரு ராணுவத் தளம். அடிமைமுறைக்காகப் போரிட்ட கூட்டமைப்பின் தளபதி லியோனிடாஸ் போல்க்கின் பெயர் அது. 2023 ஜூனில் அதை ஃபோர்ட் ஜான்சன் என்று மாற்றினார்கள், நம் ஹென்றி ஜான்சனின் பெயரில். 2025இல் ஜான்சன் பெயரை எடுத்துவிட்டு மறுபடியும் ஃபோர்ட் போல்க் ஆக்கினார்கள். பழைய தளபதியின் பெயர் இல்லையாம். ஜேம்ஸ் போல்க் என்ற வேறொரு ராணுவ அதிகாரியின் பெயராம். அதற்கான காகிதமும் சரியாகவே இருக்கிறது.