நேரலை அளவீடும் தீர்ப்பும்: ஓடும் சுமைச் சோதனையின் முடிவுகளை வேறொரு செயலிக்கு அனுப்புவது பற்றி

ஓர் இணையச் சேவையின் மீது ஆயிரக்கணக்கான செயற்கைப் பயனர்களை ஏவி, அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே சுமைச் சோதனை. ஸ்டெஃபானோ மட்சோக்கி 1998இல் உருவாக்கிய அப்பாச்சி ஜேமீட்டர் என்ற சுமைச் சோதனைக் கருவியைப் பெரிய சோதனைகளுக்குப் பயன்படுத்தியோர், முடிவுகளைக் கோப்பில் எழுதிவைத்து, ஓட்டம் முடிந்த பிறகே அறிக்கை எடுப்பது வழக்கமாக இருந்தது. 2015இல் வந்த அதன் 2.13ஆம் பதிப்பு ‘பேக்எண்ட் லிசனர்’ என்ற உறுப்பைச் சேர்த்தது. ஓடிக்கொண்டிருக்கும் சோதனையின் எண்கள் அதன் வழியே, அளவீடுகளைச் சேமிக்கும் கிராஃபைட்டுக்கு உடனுக்குடன் போயின. பின்னர் இன்ஃப்ளக்ஸ்டிபி தரவுதளத்துக்கும் வழி பிறந்தது. கே6 என்ற இன்னொரு கருவியில் இதைச் செய்யக் கட்டளையில் ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும். இந்த எளிமையால், எண்களை வரைபடமாகக் காட்டும் கிராஃபனா திரையில் தெரியும் கோட்டையே சோதனையின் முடிவாகக் கொள்ளும் பழக்கம் வேரூன்றிவருகிறது. அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நேரலை ஓட்டம் சோதனையை நடத்துவதற்கு உரியது. தீர்ப்பு, தனியே சேமித்த முழுப் பதிவிலிருந்து வரவேண்டும். நேரலை எண்கள் தோராயமானவை என்பது இதற்கு ஒரு காரணம் மட்டுமே. எண்களை அனுப்பும் செயலே சோதனையை மாற்றிவிடக்கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நேரலையின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எட்டு மணிநேரம் ஓடவேண்டிய சோதனையில் தரவுதள இணைப்புகள் இருபதாவது நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டால், மீதி நேரம் முழுவதும் வீண். அதை உடனே கண்டு நிறுத்துவது நல்ல சிக்கனம். மறுமொழி நேரக் கோட்டையும் சர்வரின் சிபியு, நினைவகக் கோடுகளையும் ஒரே கால அச்சில் அடுக்கிப் பார்ப்பது அதைவிடப் பெரிய பயன். கணினிகளின் கடிகாரங்கள் ஒத்திருந்தால், எந்த விநாடியில் எது முந்தியது என்று அங்கேயே பிடிபடும்.

ஆனால் அந்த ஓட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். ஜேமீட்டரில் கோரிக்கை அனுப்பும் ஒவ்வொரு திரெட்டும் (இணையாக ஓடும் செயலிழை), முடிவு வந்ததும் அதை ஒரு கியூவில் (காத்திருப்பு வரிசை) வைக்கிறது. வேறொரு திரெட் அதை எடுத்துப் பெறுநருக்கு அனுப்புகிறது. கியூவின் முன்னிருப்புக் கொள்ளளவு 5,000. பெறுநர் மந்தமாகிக் கியூ நிரம்பினால், முடிவை வைக்க வந்த திரெட் இடம் கிடைக்கும்வரை அங்கேயே நிற்கும். 200 திரெட்டுகள் இடைவெளியின்றி இயங்குகின்றன, மறுமொழி நேரம் 200 மில்லிவிநாடி என்று கொள்வோம்: விநாடிக்கு 1,000 கோரிக்கைகள். கியூவின் வாசலில் ஒவ்வொன்றும் இன்னொரு 200 மில்லிவிநாடி காத்தால் சுமை 500 ஆகப் பாதியாகும். அந்தக் காத்திருப்பு மறுமொழி நேரத்தில் சேராது. கோரிக்கைக்கான கடிகாரம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. சுமை குறைந்ததால் சர்வர் மூச்சு விடுகிறது, மறுமொழி நேரம் இறங்குகிறது, திரையில் கோடு அழகாகிறது. சர்வர் உறையும்போது சோதனைக் கருவியும் கோரிக்கை அனுப்பாமல் நின்றுவிடுவதால் மோசமான நேரங்கள் பதிவாகாமல் போவதை மென்பொருள் பொறியாளர் கில் டெனே ‘ஒருங்கிணைந்த விடுபாடு’ (coordinated omission) என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். இங்கே அதே விடுபாட்டை உண்டாக்குவது சர்வர்கூட அல்ல, பார்வையாளரின் திரைக்கு எண்களைக் கொண்டுபோகும் குழாய். எடை போடுபவரின் கை தராசுத் தட்டில் அழுந்துவதற்கு ஒப்பானது இது. ஜேமீட்டர் இதை மறைப்பதில்லை: எத்தனை முறை, எவ்வளவு நேரம் கியூவில் காத்திருந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதுகிறது. ஆனால் டாஷ்போர்டை மட்டும் பார்ப்பவர் பதிவேட்டைத் திறப்பதில்லை.

அடுத்தது சுருக்கத்தின் சிக்கல். ஒவ்வொரு கோரிக்கையையும் அனுப்பினால் பெறுநர் திணறும் என்பதால், சில விநாடிகளுக்கு ஒருமுறை தொகுத்த எண்களே பெரும்பாலும் போகின்றன. அமைப்பை மாற்றாவிட்டால், ஜேமீட்டரின் பேக்எண்ட் லிசனர் நூற்றுமானத்தை (percentile) கடைசி 100 மாதிரிகளிலிருந்து கணிக்கிறது. விநாடிக்கு 500 கோரிக்கைகள் போகும் ஒரு பக்கத்துக்கு, 5 விநாடிக்கு ஒருமுறை அனுப்பப்படும் எண் கடைசி 0.2 விநாடியின் எண்தான். பல இயந்திரங்களிலிருந்து சுமை ஏவினால் நிலைமை இன்னும் மோசம். ஓர் இயந்திரத்தின் 9,000 கோரிக்கைகள் தலா 100 மில்லிவிநாடியிலும், மற்றதன் 1,000 கோரிக்கைகள் தலா 4 விநாடியிலும் முடிந்தன என்போம். இரண்டின் 99ஆம் நூற்றுமானங்களைச் சராசரி எடுத்தால் 2.05 விநாடி வரும். உண்மையில் ஒரு பயனர்கூட 2.05 விநாடி காத்திருக்கவில்லை. பத்தில் ஒருவர் 4 விநாடி காத்திருந்தார், மொத்தத்தின் 99ஆம் நூற்றுமானமும் அதுவே. இந்தத் தவற்றைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

திரெட்டை நிறுத்துவதற்குப் பதில், நிரம்பிய கியூவுக்கு வரும் முடிவுகளைக் கைவிட்டால் என்ன என்று கேட்கலாம். சுமை சிதையாது என்பது உண்மை. ஆனால் இழப்பு எப்போது நேர்கிறது? முடிவுகள் குவியும் நேரத்தில், அதாவது சுமை உச்சத்தில் இருக்கும்போது. நாம் அறிய விரும்பும் கணங்களே தரவில் மெலிந்துபோகும். இதைத் தற்செயல் மாதிரியெடுப்பு என்று சொல்ல முடியாது. கியூவுக்கு எல்லையே வைக்காமல் நினைவகத்தில் குவிக்கலாம் என்றால், சுமை உண்டாக்கும் இயந்திரத்தின் வளத்தை அது தின்னும். முழுப் பதிவுக்கு இடச் செலவு அதிகம் என்ற மறுப்பு இவற்றைவிட வலுவானது. கோடிக்கணக்கான வரிகளை யாரும் மகிழ்ச்சியோடு சேமிப்பதில்லை. அதற்கு டெனே உருவாக்கிய ஹெச்டிஆர் ஹிஸ்டோகிராம் போன்ற அமைப்புகள் விடையளிக்கின்றன. அவை மதிப்புகளை, முன்கூட்டியே குறித்த துல்லியத்துடன் பெட்டிகளில் எண்ணிவைக்கின்றன. நூற்றுமானங்களைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது. பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். பல இயந்திரங்களின் பதிவுகளை இணைத்து, அந்தத் துல்லியத்துக்குள் சரியான நூற்றுமானத்தை ஒரேமுறை கணிக்கலாம். ஒவ்வொரு இயந்திரமும் இந்தப் பதிவைத் தன் வட்டிலேயே எழுதினால், வலைப்பின்னலின் தடுமாற்றம் அதைத் தொடாது. வட்டில் எழுதுவதற்கும் செலவு உண்டுதான்; ஆனால் அதைச் சோதனைக்கு முன்பே அளந்துகொள்ளலாம்.

ஆகவே நேரலை எண்களைப் பெறும் செயலியைச் சோதிக்கப்படும் சர்வரிலிருந்தும் அதன் வலைப்பின்னலிலிருந்தும் விலக்கி வைக்கவேண்டும். மறுமொழி நேரக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கியூவின் காத்திருப்பும் ஒரு கோடாக ஓடவேண்டும். ஒவ்வொரு கோரிக்கையும் இரு பக்கமும் பதிவாகும் அமைப்பில், சோதனை முடிந்ததும் இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிடவேண்டும்: இயந்திரங்களின் வட்டில் 18,00,000 முடிவுகள், பெறுநரிடம் 17,92,000 என்றால், அந்த 8,000 எந்த நிமிடங்களில் காணாமல் போயின என்பது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.