திருவொற்றியூர்க் குழாயும் வண்டலூர் முள்ளும்

டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு, மதராஸில் செய்த இரண்டு வண்டிகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லின. 1950களின் நடுவில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய புல்லட்டில் அன்று முள் கிடையாது, டேங்க்கின் அடியில் ரிசர்வ் குழாய்தான். 1961 முதல் வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலோ டேஷ்போர்டில் முள் உண்டு. இரண்டும் பொய் சொல்லும்; பொய்யைப் பிடிக்கும் வழிதான் வேறு.

அந்தப் புல்லட்டில் 'ஆன்' நிலையில் பெட்ரோல் வருவது டேங்க்குக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழல் வழியாக. மட்டம் அதற்குக் கீழே போனால் எஞ்சின் திணறும். ரிசர்வுக்குத் திருப்பினால் அடித்துளை திறக்கும். ஒயரே இல்லாததால் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. பெட்ரோல் போட்டபின் குழாயைத் திரும்ப 'ஆன்'னுக்கு வைக்க மறப்பது ஓட்டுபவர் குற்றம். இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது: மூடியிலுள்ள காற்றுத்துளை தூசியால் அடைத்துக்கொண்டால், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் சந்தேகம் தீர்ந்தது.

முள்ளின் கதை நீளமானது. டேங்க்குக்குள் மிதவை, அதன் கை தேய்த்துச் செல்லும் ரெசிஸ்டன்ஸ் கம்பிச்சுருள் (இரண்டும் சேர்ந்ததே டேங்க் யூனிட்), அங்கிருந்து ஒயர், கடைசியில் மீட்டர். தப்பு எங்கே என்று பார்க்க மெக்கானிக்குகள் இக்னிஷனைப் போட்டு, டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றிப் பாடியில் ஒரு நொடி தொடுவார்கள். முள் ஒரு கோடிக்கு ஓடினால் மீட்டரும் ஒயரும் நலம், குற்றவாளி டேங்க் பக்கம். அசையாவிட்டால் மீட்டர், ஃபியூஸ், ஒயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே தப்புக் காட்டினால், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ள கார்களில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

டேங்க் பக்கம் என்றதுமே புது யூனிட் வாங்க ஓடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் உப்புக்காற்றில் முதலில் போவது எர்த். துருவைச் சுரண்டி, டேங்க்கிலிருந்து பாடிக்கு ஒரு துண்டு ஒயர் கொடுத்தாலே பல முட்கள் உயிர்பெறும். அதற்கும் மசியாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே எடுக்கலாம். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் தளதளவென்று கேட்கும். அந்த மிதவை மூழ்கிக் கிடக்கும், முள்ளும் எப்போதும் காலி என்றே சொல்லும். கம்பிச்சுருளையும் பார்க்க வேண்டும். எப்போதும் 'இருநூறு ரூபாய்க்குப் போடுங்க' என்பவர் காரில் மிதவை அடியிலேயே உலாவுவதால் சுருளின் அந்தப் பக்கம்தான் தேய்ந்திருக்கும். மேலே சரியாகக் காட்டும் முள் கால் டேங்க்குக்குக் கீழே துள்ளும்.

நம்பகத்தில் என் ஓட்டு குழாய்க்கு. ஆனால் ஜெமினி மேம்பாலத்தின் நடுவில் எஞ்சின் திணறும்போது ஒரு கையால் குழாயைத் தேடியவர்கள் முள்ளுக்கே ஓட்டுப் போடுவார்கள், அதுவும் நியாயம்தான்.

புதுப்பேட்டையில் பழைய யூனிட் வாங்குவோர் மிதவைக் கையின் நீளத்தையும் ரெசிஸ்டன்ஸையும் தங்கள் காரின் யூனிட்டோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். வேறு காரின் யூனிட் திருகாணிக்குப் பொருந்தலாம், மீட்டருக்குப் பொருந்தாது. டேங்க் நிறைந்தும் முள் பாதியில் நிற்கும். மாட்டியபின் காலி டேங்க்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தைக் மீட்டர் கண்ணாடிமேல் ஒட்டிய டேப்பில் குறித்துக்கொள்ளலாம்.