எங்கள் பிட்டுக்குள் கோதுமை மா வந்த கதை

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது சலரோகம் பற்றிய ஒரு மருத்துவக் கட்டுரை. "நீரிழிவும் உணவுக் கட்டுப்பாடும்" என்று தலைப்பும் தந்திருந்தார்கள். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்ற பட்டியலை 15 வருடங்களாகக் கிளினிக்கில் கொடுத்து வருகிறேன். பெரும்பாலானோர் அதை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வழமைபோலச் சாப்பிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மாவும் அப்படித்தான் செய்தார்.

ஆகவே மருத்துவத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு ஒரு சிறு சரித்திரத்தை எழுதுகிறேன். சென்ற வருடம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ரொறொன்ரோவிலிருந்து வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். வெள்ளை வெளேரென்ற பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பக்கத்தில் ஒரு வாழைப்பழம். "ஆயிரம் வருடத்து யாழ்ப்பாணச் சாப்பாடு" என்று கீழே எழுதியிருந்தாள். எல்லோரும் இதயம் போட்டோம். நானும் போட்டேன். ஆனால் அந்தக் கோப்பையில் இருந்த வெள்ளைப் பிட்டு எங்கள் வீடுகளின் அன்றாடச் சாப்பாடாகி நூறு வருடம் ஆகவில்லை. எங்கள் பழைய மாணவியர் சங்கம் அதைவிட மூத்தது.

பிட்டு அவிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டக்கூடும். வறுத்த அரிசி மாவுக்குள் கொதிநீர் விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, பேணியின் விளிம்பால் சிறுமணியாகக் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து, பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் இட்டு ஆவியில் அவிப்பது. அரிசி மா இதற்கெல்லாம் இசைந்து கொடுக்கும். கோதுமை மா கொடுக்காது. தண்ணீர் பட்டதும் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு இழுபடும். பாணுக்கு வேண்டியது அந்த இழுவைதான், பிட்டுக்கு அதுவே வினை. அதனால் எங்கள் பெண்கள் மாவை முதலில் துணியில் கட்டி நீராவியில் அவித்தார்கள். கட்டியான மாவைச் சூட்டோடு உடைத்து அரிதட்டில் அரித்தெடுத்தார்கள். ஆவியின் சூட்டில் புரதம் தன் குணத்தை இழக்க, மா அரிசி மாவைப்போல உதிர்ந்தது. மருத்துவபீடத்தில் "புரதத்தின் இயல்பு மாற்றம்" என்ற விரிவுரையில் முட்டை வெள்ளையை உதாரணம் காட்டினார்கள். எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவின் மாப்பொட்டலம். பாடசாலையில் மனையியல் பாடத்துக்கு வெள்ளைச் சோஸ் செய்யும் முறையை நாங்கள் மனனம் செய்தோம். மா அவிப்பது எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

சங்கம் தொடங்கிய காலத்தில் இந்த வேலைக்கு இடமே இருக்கவில்லை. குடாநாட்டில் ஆறு கிடையாது. நெல், மாரி மழையை நம்பி வருடத்தில் ஒரு போகம். கிணற்று நீர் இறைத்த தோட்டங்களில் புகையிலை நின்றது. அது திருவிதாங்கூர்வரை போய்க் காசாகத் திரும்பி வந்தது. போதாத அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. அரிசிக்குப் பக்கத்தில் குரக்கனும் சாமையும் இருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் பனை நின்றது. பனங்கிழங்கைக் கிழித்துப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்புப் போகக் கழுவிப் பிழிந்து பிட்டு அவித்தார்கள். காலையில் பழஞ்சோறு. அரிசி மாப் பிட்டு ஆறுதலான நாளின் சாப்பாடு. அரிசியை ஊறவிட்டு, உரலில் இடித்து, அரித்து, வறுத்து எடுக்க ஒரு பெண்ணின் பின்னேரம் முழுதும் போய்விடும்.

அந்தக் காலத்துச் சாப்பாடே சாப்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்குச் சோறு, யாருக்குக் கூழ் என்பதைக் காணியும் சாதியும் தீர்மானித்தன. ஒடியல் கூழை இன்று மீனும் இறாலும் நண்டும் போட்டு விருந்தாகக் குடிக்கிறோம். அது இல்லாவிட்டால் பட்டினி என்றிருந்தவர்கள் அதை விருந்தாக நினைத்திருக்க மாட்டார்கள்.

1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசி கூப்பனுக்கு வந்தது; குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. என் அம்மம்மாவுக்கு அப்போது 14 வயது. எங்கள் பாடசாலை விடுதியில் இருந்தார். முதல் தடவை விடுதியில் கோதுமை மாவில் பிட்டு அவித்த இரவை அவர் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். "பிட்டில்லைப் பிள்ளை, பசை. பல்லில ஒட்டினது விடியத்தான் விட்டது." பிள்ளைகள் பசியோடு படுத்தார்களாம். சில கிழமைகளுக்குள் விடுதிச் சமையற்கார அக்கா மாவை அவிக்கும் வித்தையை எங்கிருந்தோ கேட்டு வந்துவிட்டார். தவணை விடுமுறைக்கு வீட்டுக்குப் போன அம்மம்மா அதைத் தன் தாயாருக்குச் செய்து காட்டினார். எங்கள் குடும்பத்துக்குள் கோதுமை மாப் பிட்டு வந்த வழி இதுதான்; பாடசாலை விடுதியின் பின்கதவு வழியாக. உங்கள் வீடுகளுக்குள் வேறு வழிகளால் வந்திருக்கும். தன் வீட்டில் மாவை முதலில் அவித்தவர் யார் என்று இதை வாசிக்கும் ஒருத்தியாவது தன் ஆச்சியிடம் கேட்டால் எனக்குச் சந்தோஷம்.

யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. கூப்பனும் போகவில்லை. 1953இல் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. அந்த ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசியில் கைவைப்பது எவ்வளவு ஆபத்து என்று அதன்பின் வந்த எல்லா அரசுகளுக்கும் தெரிந்திருந்தது. மாவோ மலிவாகக் கிடைத்தது. மிஞ்சிய தானியத்தை வெளிநாடுகளுக்குக் கொடுக்க அமெரிக்கா 1954இல் இயற்றிய சட்டத்தின் கீழ் இலங்கைக்கும் மா வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு "அமெரிக்கன் மா" என்றே பெயர். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எங்கள் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். அதே வருடங்களில் அரிசிக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு. அம்மா விடிய நாலு மணிக்குப் பாண் கியூவில் நின்றிருக்கிறார். மரவள்ளிக் கிழங்கு நாளாந்தச் சாப்பாடானதும் அப்போதுதான். (மூடாமல் அவிக்கச் சொல்லும் அம்மம்மாவின் கட்டளை மூடநம்பிக்கை அல்ல. கிழங்கின் நஞ்சு ஆவியோடு போகவேண்டும்.) 1980இல் திருகோணமலை சீனன்குடாவில் பிறிமா ஆலை ஓடத் தொடங்கியது. நாட்டுக்குள்ளேயே அரைத்த மா எல்லாக் கடையிலும் வந்தது.

ஆனால் மலிவு மட்டும் காரணமல்ல என்பது என் எண்ணம். அம்மா ஆசிரியை. காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறி, மூன்று மணிக்குத் திரும்பி, கொப்பி திருத்தி, இரவுச் சாப்பாடும் செய்ய வேண்டும். உரலுக்கு முன்னால் நிற்க அவருக்கு ஒரு பின்னேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை மாவை அவித்து அரித்து ரின்னில் போட்டால் கிழமை முழுதும் அரை மணிநேரத்தில் பிட்டு. எங்கள் பாடசாலை பெண்களைப் படிப்பித்து வேலைக்கு அனுப்பியது. அவர்களின் குசினிகளில் உலக்கையின் வேலையைக் கோதுமை மா எடுத்துக்கொண்டது. அதிபர்களின் வரலாற்றை எழுதும் மலரில் இதற்கும் ஒரு வரி இருக்கலாம்.

என் முறை 1990இல் வந்தது. யுத்தம் மறுபடி தொடங்கியதும் மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய்க்குத் தடை, பாதை அடைபட்டது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையை இந்த மலரில் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். நான் மாவோடு நிற்கிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தது. எனக்கு 15 வயது. அம்மா குசினியிலிருந்து எடுத்தது ஒரு பானை, அகப்பை, நீத்துப்பெட்டி. அரிதட்டை விட்டுவிட்டார். கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் தாவாரத்தில் ஆறு மாதம் இருந்தோம். நிவாரண மா கிடைத்தது. மூன்று கல் வைத்து மாவை அவித்து, தன் நூல்சேலைத் தலைப்பில் அரித்தார் அம்மா. அரிசி மா கலக்க அரிசி இல்லை. தேங்காய் வாங்கக் காசில்லை. காலையில் ரொட்டி, இரவில் பிட்டு, இரண்டும் அதே மா. வீட்டுக்கார அன்ரி பலாக்கொட்டைக் கறி தந்த நாட்கள் விசேஷ நாட்கள். தம்பியும் நானும் மெலியவில்லை. அது அம்மாவின் பெருமை.

1996இல் வீடு திரும்பினோம். அரிதட்டுச் சுவரில் தொங்கியபடியே இருந்தது. ஆனால் பிட்டு பழையபடி திரும்பவில்லை. பாதி அரிசி மா, பாதி கோதுமை மா என்றிருந்த கலவை கொடிகாமத்தில் முழுக்கக் கோதுமையானது, அப்படியே நின்றுவிட்டது. நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

அதன்பின் நான் மருத்துவரானேன். அம்மாவுக்குச் சலரோகம் வந்தது. இரவு எட்டரைக்கு ஒரு கோப்பை வெள்ளைப் பிட்டு, வாழைப்பழம், மேலே ஒரு கரண்டி சீனி, பிறகு நித்திரை. தவிடும் நாருமில்லாத அந்த மா வயிற்றுக்குள் போய்ச் சீனியாக அதிக நேரம் எடுக்காது. சொன்னேன், பட்டியல் எழுதிக் கொடுத்தேன், தொலைபேசியில் ஏசினேன். 2019இல் "செருப்புக் கடிச்சது" என்று இரண்டு கிழமையாக அவர் சொன்னதை, ஆயிரம் சலரோகக் கால்களைப் பார்த்த நான், தொலைபேசியில் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். போய்ப் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. வலது பெருவிரலை எடுத்தார்கள்.

காயம் ஆறி வீட்டுக்கு வந்த கிழமை, நான் குசினிக்குள் போய் மா ரின்னை வெளியே எடுத்து வைத்தேன். இதை இனி வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்றேன். அம்மா கதிரையில் இருந்தபடி சொன்னார்: "மாவைக் கூடாதெண்டு சொல்லாதை பிள்ளை. கொடிகாமத்தில அது இல்லாட்டி உங்கள் ரண்டு பேருக்கும் நான் என்னத்தைத் தந்திருப்பன்?" எனக்குப் பதில் வரவில்லை. 1942இல் விடுதிப் பிள்ளைகளையும் 1995இல் எங்களையும் காப்பாற்றிய மாவை நான் நஞ்சைப்போலப் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ரின்னைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். கிளினிக்கில் "பிட்டை நிறுத்துங்கோ" என்று நான் சொல்வதும் அன்றோடு நின்றது. இப்போது முதலில் கேட்பது, "எந்த மாவில அவிக்கிறனீங்கள் ஆச்சி, எத்தனை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?" என்று. அந்தக் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்கிறார்கள். கதையாகவும் சொல்கிறார்கள். கிளினிக் பிந்திவிடுகிறது.

என் ஏச்சால் ஆகாதது 2022இல் விலையால் ஆனது. மா, காஸ், பாண் எல்லாம் எட்டாத விலைக்குப் போக, அம்மா சிவப்பரிசியை மில்லில் திரித்து வறுத்தார். அயலில் யாரோ கொடுத்த ஒடியலையும் இடிப்பித்தார். ஆறு மாதத்தில் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு ஒன்பதிலிருந்து ஏழரைக்கு இறங்கியது. அதை மாவின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. சீனியும் அப்போது கிடைக்கவில்லை. பெற்றோல் இல்லாததால் ஓட்டோவும் இல்லை, சங்கக்கடைக்கு நடந்துதான் போனார், விரலில்லாத காலோடு.

இப்போது மா மறுபடி கடையில் இருக்கிறது. அம்மாவின் கலவை இது: இரண்டு பேணி வறுத்த சிவப்பரிசி மா, ஒரு பேணி குரக்கன் மா, முருங்கையிலை கைநிறைய, கடைசியில் ஒரு பிடி அவித்த கோதுமை மா. ஆறரைக்குச் சாப்பாடு. சீனி இல்லை. அந்த ஒரு பிடி எதற்கு என்று கேட்டேன். "அது போடாட்டி மெத்தெண்டு வராது" என்றார். அரிசி மாவே மெத்தென்று வருமே, உங்கட அம்மம்மா அப்படித்தானே அவித்தவ என்றேன். கேட்காதவர்போல நீத்துப்பெட்டியை இறக்கினார்.

ஒரு பிடிதான். ஆனால் அம்மாவின் கை என் கையைவிடப் பெரியது.