முக்காடும் மேலாடையும்

கம்பளைக் கடைவீதியில் ஞாயிறு காலையில் நின்று பார்த்தால், தோட்டங்களிலிருந்து ஆலயத்துக்கு வரும் தமிழ்ப் பெண்களைக் காணலாம். பஸ்ஸில் தோளில் கிடந்த முந்தானை, ஆலயப் படியை மிதித்ததும் பலருக்குத் தலைக்கு ஏறிவிடும். அதே வீதியில் முஸ்லிம் பெண்களுக்கு முக்காடு அன்றாட உடை. கதிரேசன் கோயிலுக்கோ மாரியம்மன் கோயிலுக்கோ போகும் பெண், தலையில் பூ வைத்துக்கொண்டு போகிறாளே தவிர மூடிக்கொண்டு போவதில்லை. தமிழில் முக்காடு மங்கலச் சொல்லும் அன்று. இழவு வீட்டையும் கைம்மையையும் கடன்பட்டு முகம் மறைப்பவனையும் நினைவூட்டும் சொல் அது. அப்படியிருக்கத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணின் தலைக்கு அது எப்படி வந்தது?

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், பதினோராம் அதிகாரம் என்று போதகர்கள் விடை சொல்வார்கள். விடை சரி. ஆனால் அது பாதி விடைதான் என்பது என் எண்ணம். மற்றப் பாதி, இந்த மக்கள் கடல் கடந்து வந்த வரலாற்றில் இருக்கிறது.

கம்பளைக்கு அருகே சிங்கஹப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கோப்பி பயிரிட்டார். இலங்கையில் வர்த்தக நோக்கில் எழுந்த முதல் தோட்டங்களில் அது ஒன்று. அதன்பின் மலைநாடெங்கும் கோப்பி பரவ, தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தார், துரைமார் சிலரின் பண உதவியுடன், கண்டிப் பகுதியில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கினர். பெயரிலிருந்த ‘கூலி’ பிற்பாடு நீக்கப்பட்டது. நீக்கியது நல்லதே. ஆனால் அப்படி ஒரு பெயரைத் தேவ ஊழியத்துக்குச் சூட்ட முடிந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. லயங்களுக்கு நடந்து சென்று போதித்த உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தார்கள். அங்கே பழகிய வழிபாட்டு முறையையே இங்கும் நிலைநிறுத்தினார்கள்.

அந்தத் திருநெல்வேலிக்கு அடுத்த சீமை தென் திருவிதாங்கூர். அங்கே அப்போது ஒரு போராட்டம் உச்சத்தில் இருந்தது. நாடார் குலப் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பது அந்த நாட்டு வழமை. கிறிஸ்தவர்களான பெண்கள் மேலாடை அணியத் தொடங்கினர். சந்தையிலும் தெருவிலும் அதைப் பிடித்துக் கிழித்தார்கள், ஜெபக்கூடங்கள் எரிந்தன. 1829இல் அரசு, குப்பாயம் அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மேற்சீலை போடக் கூடாது என்று ஆணையிட்டது. சென்னை ஆளுநர் சார்ள்ஸ் டிரவெலியன் கொடுத்த நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலையில்தான் மார்பை மூடும் உரிமை நாடார் பெண்கள் எல்லோருக்கும் கிடைத்தது. அப்போதும் உயர்சாதியார் உடுத்தும் பாணி கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களில் ஒன்றான இராமநாதபுரத்தில், 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர் மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மூடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பூ வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஜே. எச். ஹட்டன் தம் சாதி ஆராய்ச்சி நூலில் இவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார்.

மேலே ஒரு முழத் துணி போடுவதற்கே அடி வாங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்களின் பேத்திகளுக்கு, முந்தானையைத் தோளிலிருந்து தலைவரை இழுத்துவிட முடிவது வெறும் அடக்கத்தின் அடையாளமாக இருந்திருக்குமா? வார நாளெல்லாம் அவர்கள் தலையில் துணிதான். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையை அறுக்காமல் இருக்கச் சுற்றிய துணி அது. ஞாயிற்றுக்கிழமைத் துணி வேறு. அது உழைப்புக்காக அணிவதன்று. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அதில் குறுக்கிட இடமில்லை. அதில் ஒரு மிடுக்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

மேலைத் திருச்சபைகள் இந்த விதியைத் தளர்த்திய கதை வேறு. இங்கிலாந்தில் போர்க்காலத் துணிப் பங்கீட்டின்போது, 1942இல், தொப்பியில்லாமலும் பெண்கள் ஆலயத்துக்கு வரலாம் என்று கன்டர்பரி, யோர்க் பேராயர்கள் அறிவித்தனர். பதினெட்டு நூற்றாண்டு இறையியலைத் துணித் தட்டுப்பாடு தளர்த்திவிட்டது! கத்தோலிக்கரின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1969இல் வத்திக்கான் அதைக் கைவிட்டதாகப் பத்திரிகைகள் எழுத, வழிபாட்டுச் சீர்திருத்தப் பொறுப்பிலிருந்த அன்னிபலே புனினி விதி மாறவில்லை என்று மறுத்தார். செய்தி முதற்பக்கத்துக்குப் போகும், மறுப்பு உள்பக்க மூலைக்குப் போகும் என்பது எங்கள் தொழிலின் பழைய நோய். 1976இல் வத்திக்கானே, இது இனிக் கட்டாயமற்ற சிறு ஒழுங்கு என்று ஓர் ஆவணத்தில் எழுதியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்த விதி இல்லை. இன்று இதைக் கண்டிப்பாகக் கேட்பவை பெரும்பாலும் பெந்தெகொஸ்தே சபைகளும் சகோதர சபைகளும்தான்.

அவர்கள் கையிலிருக்கும் தமிழ் வேதத்தில் ஒரு நுட்பம் உண்டு. அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில் பெண்ணின் தலைமேல் இருக்க வேண்டியதாகப் பவுல் சொல்வது, கிரேக்க மூலத்தில் ‘எக்ஸூசியா’. அதன் பொருள் அதிகாரம். பவர் குழுவினர் திருத்தி 1871இல் வெளிவந்த தமிழ்ப் பதிப்பில் அந்த அதிகாரம் முக்காடாகிவிட்டது. யாருடைய அதிகாரம்? கணவனுடையது என்பது நெடுங்கால உரை. இல்லை, சபையில் பேசுவதற்கு அவளுக்கே உரிய அதிகாரம் என்று மோர்னா ஹூக்கர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1964இல் வாதிட்டார். கிரேக்கம் அறியாத நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதே அதிகாரத்தில், பெண்கள் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் நடைமுறையாக ஏற்றுக்கொண்டுதான் பவுல் பேசுகிறார். வாசலில் நின்று முக்காட்டைக் கவனிக்கும் மூப்பர்கள் அந்தப் பகுதியை அவ்வளவு உரத்து வாசித்து நான் கேட்டதில்லை.